தொழிலாளர் குழுக்களில் நோய் ஆபத்து: கணக்கு எப்படிப் போடப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை செய்யும் இடத்தில் ஒரே நோய் நாலைந்து பேருக்கு வந்துவிட்டால் முதலில் சந்தேகம் எழும், அடுத்து வாக்குவாதம் எழும். ‘தூசுதான் காரணம்’ என்பார் ஒருவர். ‘பீடி, சிகரெட்தான் காரணம்’ என்பார் இன்னொருவர். இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களின் வேலையைப் பற்றிய பக்கம் இது. தொழிற்சங்கத்தினர், ஆலை மருத்துவர்கள், மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எங்கள் பிரிவில் 5 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள். இது அதிகம்தானே?

5 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பிரிவில் இதுவரை எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், என்ன வயதில், எத்தனை ஆண்டு அவர்களைப் பின்தொடர்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் தெரிய வேண்டும். தெரிந்தால், இதே வயதுக்காரர்கள் பொதுமக்களில் இருந்திருந்தால் எத்தனை பேர் இந்த நோயால் இறந்திருப்பார்கள் என்று கணக்கிடலாம். அதுதான் ‘எதிர்பார்ப்பு எண்ணிக்கை’. இந்தத் துறையில் பாதி உழைப்பு அந்த ஓர் எண்ணைச் சரியாகப் பெறுவதிலேயே போய்விடும்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஓர் ஆலையில் 45–49 வயதில் 4,000 ஆள்-ஆண்டுகள், 50–54 வயதில் 3,000, 55–59 வயதில் 2,000. பொதுமக்களிடம் அந்த வயதுகளில் ஆண்டுக்கு லட்சம் பேரில் முறையே 25, 60, 110 பேர் இந்நோயால் இறக்கிறார்கள். பெருக்கினால் 1.0, 1.8, 2.2, மொத்தம் 5. ஆக அங்கே 5 இறப்பு என்பது வழக்கமான அளவுதான். இன்னோர் ஆலையிலும் அதே 9,000 ஆள்-ஆண்டுகள், அதே 5 இறப்பு. ஆனால் எல்லாரும் 35 வயதுக்குக் கீழ். விகிதம் லட்சத்துக்கு 3. எதிர்பார்ப்பு எண்ணிக்கை 0.27. அங்கே ஆபத்து 18 மடங்குக்கும் மேல். ஒரே 5தான், ஆனால் ஓரிடத்தில் அமைதி, மற்றோரிடத்தில் அபாயச் சங்கு.

ஆள்-ஆண்டு என்றால் என்ன?

ஒருவரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்தால் ஓர் ஆள்-ஆண்டு. 28 வயதில் 1985-ல் வேலைக்குச் சேர்ந்து, 2001-ல் நின்று, 2012-ல் 55 வயது தொடங்கியதும் இறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தருவது 27 ஆள்-ஆண்டுகள். அதை அப்படியே ஒரே கட்டத்தில் போடுவதில்லை. 30 வயதுக்குக் கீழே 2 ஆண்டு, அதன்பின் 30–34, 35–39 என்று 50–54 வரை ஐந்து கட்டங்களில் ஐந்தைந்து ஆண்டு. ஒரே மனிதர் ஆறு கட்டங்களில் சிதறிக் கிடப்பார். நாள்காட்டி ஆண்டுகளுக்கும் இதே பிரிப்பு உண்டு, ஏனென்றால் 1985-ன் இறப்பு விகிதம் வேறு, 2010-ன் விகிதம் வேறு.

வேலையை விட்ட நாளோடு அவரை மறந்துவிடக் கூடாது என்பதையும் கவனியுங்கள். வேலையை விட்டு 11 ஆண்டு கழித்துத்தான் அவர் இறந்தார். இப்போது சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எண்ணும் ஆய்வில் இவர் இருக்கவே மாட்டார்.

எஸ்.எம்.ஆர். என்பது இதுதானா?

இதுதான். நடந்த இறப்புகளை எதிர்பார்த்த இறப்புகளால் வகுத்தால் கிடைப்பது தரப்படுத்திய இறப்பு விகிதம், சுருக்கமாக எஸ்.எம்.ஆர். 1 என்றால் பொதுமக்கள் அளவு. சிலர் 100-ஆல் பெருக்கி எழுதுவார்கள். கட்டுரையில் 137 என்று பார்த்தால் அது 1.37.

பிரிட்டனில் ரிச்சர்ட் டால் 1955-ல் வெளியிட்ட ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 20 ஆண்டுக்குக் குறையாமல் ஆஸ்பெஸ்டாஸ் தூசில் வேலை பார்த்த 113 ஆண்கள். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 11 பேர். எதிர்பார்த்தது 0.8. வகுத்தால் கிட்டத்தட்ட 14 மடங்கு. கணினி இல்லை, பெரிய மாதிரிகள் இல்லை, ஒரு வகுத்தல்தான். ஆனால் அந்த 0.8-க்குப் பின்னால் ஒவ்வொருவரின் வயதும் பணிக்காலமும் இருந்தன.

வெறும் 11 இறப்பை நம்பலாமா? தற்செயலாக இருக்காதா?

தற்செயலுக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பதை, அரிதாக நடப்பவற்றின் எண்ணிக்கைக்கான பாய்சான் பரவல் என்ற கணக்கு சொல்கிறது. 11 என்ற எண்ணிக்கைக்கு 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது தற்செயலைக் கழித்தால் உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லை, ஏறக்குறைய 5.5 முதல் 19.7 வரை. இரண்டையும் 0.8-ஆல் வகுத்தால், ஆபத்து 7 மடங்கிலிருந்து 25 மடங்குக்குள் எங்கோ இருக்கலாம். துல்லியமாகத் தெரியவில்லைதான். ஆனால் 1-ஐ நெருங்கக்கூட இல்லை.

எங்கள் ஆலையில் 200 பேர். யாருக்கும் புற்றுநோய் இல்லை. பாதுகாப்பானது என்று சொல்லிக்கொள்ளலாமா?

சொல்லிக்கொள்ள வேண்டாம். இங்கே எதிர்பார்ப்பு எண்ணிக்கை 0.5 என்று வைப்போம். நடந்தது 0. பூஜ்யத்துக்கும் நம்பக இடைவெளி உண்டு; அதன் மேல் எல்லை 3.7. அதை 0.5-ஆல் வகுத்தால் 7.4. அதாவது உண்மையான ஆபத்து 7 மடங்காக இருந்தாலும் உங்கள் ஆலையில் பூஜ்யம் வருவது நடக்கக்கூடியதே. ‘புள்ளியியல்படி முக்கியத்துவம் இல்லை’ என்ற வரியைப் படிக்கும்போதும் இதையே நினைவில் வையுங்கள். இடைவெளி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது 7-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஆய்வு ஆபத்து இல்லை என்று காட்டவில்லை. எதையும் காட்டும் பலமே அதற்கு இல்லை. சின்ன ஆலைகள் பலவற்றைச் சேர்த்து ஒரே குழுவாக ஆராய்வது இதனால்தான்.

தூசு நிறைந்த ஆலையிலும் மொத்த இறப்பு பொதுமக்களைவிடக் குறைவாக இருக்கிறதே, எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

படுக்கையில் கிடப்பவர் ஆலை வாசலில் வேலை கேட்டு நிற்பதில்லை. நெஞ்சுவலிக்காரர் பாரம் தூக்கும் வேலைக்குத் தேறுவதில்லை. ஆகவே தொழிலாளர் குழு என்பது முதல் நாளிலேயே சலித்தெடுத்த குழு. பொதுமக்களிலோ நோயாளிகள், வேலைக்கே போக முடியாதவர்கள் எல்லாரும் சேர்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒப்பிட்டால் தொழிலாளர்கள் நன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. மொத்த இறப்பில் எஸ்.எம்.ஆர். 0.8 என்பது சர்வசாதாரணம். 1885-லேயே வில்லியம் ஓகிள் இங்கிலாந்தின் தொழில்வாரி இறப்புக் கணக்கில் இதைக் கவனித்தார்: சில தொழில்கள் பலவீனமானவர்களை உள்ளே விடுவதில்லை, சில தொழில்கள் அவர்களை வெளியே தள்ளிவிடுகின்றன. இன்று இதற்கு ‘ஆரோக்கியத் தொழிலாளி விளைவு’ என்று பெயர்.

இதய நோயில் இந்த விளைவு பலமாக இருக்கும், புற்றுநோயில் குறைவு. 25 வயதில் வேலைக்குச் சேர்பவருக்கு 60 வயதில் புற்றுநோய் வருமா என்று மருத்துவப் பரிசோதனையில் யாருக்கும் தெரியாதல்லவா. வேலையில் சேர்ந்து ஆண்டுகள் ஆக ஆக இந்தச் சலுகை தேய்ந்துபோகும். ‘எங்கள் தொழிலாளர்கள் நாட்டு சராசரியைவிட ஆரோக்கியமானவர்கள்’ என்று ஓர் ஆலை அறிக்கை பெருமைப்பட்டால், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

அப்படியானால் யாரோடு ஒப்பிடுவது?

முடிந்தால் அதே ஆலைக்குள்ளேயே. தூசு அதிகமான பிரிவை, தூசு குறைவான பிரிவோடு. இருவரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள். சலித்தெடுத்தது இருவருக்கும் பொது. இதற்குப் பாய்சான் ரிக்ரஷனோ (வயது, காலம் போன்றவற்றையும் சேர்த்து ஆபத்தைக் கணிக்கும் முறை), புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972-ல் தந்த முறையோ பயன்படும். இரண்டும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் தரும். எது சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

உள் ஒப்பீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. மூச்சு வாங்கத் தொடங்கியவர் வேலையை விட்டுவிடுவார், அல்லது தூசு குறைந்த பிரிவுக்கு மாற்றிக்கொள்வார். 25 ஆண்டு அரவை இயந்திரத்தருகே நின்றவர் தாங்கும் உடம்புள்ளவர். ஆகவே ‘அதிக ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு ஆபத்து குறைவு’ என்று தலைகீழான விடை வரும். உடல்நிலை வேலையை மாற்றுகிறது, வேலை உடல்நிலையை மாற்றுகிறது. இந்தச் சுழலைச் சாதாரண ரிக்ரஷனால் அவிழ்க்க முடியாது. ஜேம்ஸ் ராபின்ஸ் 1986-ல் தொடங்கிவைத்த ஜி-முறைகள் இதற்காகவே பிறந்தவை.

இரண்டு ஆலைகளின் எஸ்.எம்.ஆர்.களை நேரடியாக ஒப்பிடலாமா?

கவனம். இளையவர்களுக்கு ஆபத்து 3 மடங்கு, மூத்தவர்களுக்கு 1 மடங்கு. இரண்டு ஆலைகளிலும் அப்படியே என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆலையில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை இளையவரில் 8, மூத்தவரில் 2. நடந்தது 24-உம் 2-உம், எஸ்.எம்.ஆர். 2.6. இரண்டாவதில் எதிர்பார்ப்பு 2-உம் 8-உம், நடந்தது 6-உம் 8-உம், எஸ்.எம்.ஆர். 1.4. வயதுக் கலவை மட்டும்தான் வேறு; ஆனால் எந்த வயதிலும் ஆபத்தில் வித்தியாசமே இல்லாத இரண்டு ஆலைகளில் ஒன்று மற்றொன்றைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு மோசம் என்று தலைப்புச் செய்தி வந்துவிடும்.

புகைபிடிப்பவர்கள் அதிகம் என்பதால் புற்றுநோய் அதிகம் என்கிறார்களே?

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 10 மடங்கு, பொதுமக்களில் பாதிப்பேர் புகைப்பவர்கள், ஆலையில் 70 சதவீதம் என்று வைப்போம். ஆலையின் சராசரி ஆபத்து 0.7 × 10 + 0.3 = 7.3. பொதுமக்களுடையது 0.5 × 10 + 0.5 = 5.5. வகுத்தால் 1.33. அவ்வளவுதான். எஸ்.எம்.ஆர். 1.3 என்றால் புகைபிடிப்பதே முழுக் காரணமாக இருக்கலாம். 3 என்றால் அந்த வாதம் எடுபடாது. ஸ்வீடனின் ஒலாவ் ஆக்சல்சன் 1978-ல் இந்தத் தர்க்கத்தை முன்வைத்தார். புகைப்பழக்க விவரம் கிடைக்காத பழைய ஆய்வுகளுக்கு இன்றும் இது கைகொடுக்கிறது.

புகையும் தூசும் சேர்ந்தால்?

வட அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் காப்புறை போடும் சுமார் 17,800 தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 1979-ல் வெளியான புகழ்பெற்ற கணக்கு இது. நுரையீரல் புற்றுநோய் இறப்பு, லட்சம் ஆள்-ஆண்டுகளுக்கு: புகையும் இல்லை, ஆஸ்பெஸ்டாஸும் இல்லை என்றால் 11.3. ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் 58.4. புகை மட்டும் 122.6. இரண்டும் சேர்ந்தால் 601.6.

கூட்டிப் பாருங்கள். அடிப்படை 11.3, ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தது 47.1, புகை சேர்த்தது 111.3, கூட்டினால் 170-க்குள். நடந்ததோ 600-க்கு மேல். பெருக்கிப் பார்த்தால் 5 மடங்கும் 11 மடங்கும் சேர்ந்து சுமார் 56 மடங்கு, நடந்தது 53. பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் விளைவு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் நடுவில் எங்கோ விழுந்திருக்கிறது. எப்படியானாலும், ‘அவர் புகைத்தார், ஆகவே தூசு காரணமல்ல’ என்ற வாதம் இந்த நான்கு எண்களுக்கு முன் நிற்காது. புகைப்பவரிடம்தான் தூசு அதிக உயிர்களை எடுத்தது.

30 ஆண்டுக்கு முன் எவ்வளவு தூசு இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

பெரும்பாலும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். எனவே வேலைப் பெயர், பிரிவு, காலம் ஆகியவற்றை வைத்து ஓர் அட்டவணை தயாரிப்பார்கள்: அரவைப் பிரிவு, 1970கள், காற்றில் மி.லி.க்கு 2 ஆஸ்பெஸ்டாஸ் நார். பொட்டலம் கட்டும் பிரிவு, 1980கள், 0.5 நார் என்பதுபோல. முதல் வேலையை 8 ஆண்டும் இரண்டாவதை 10 ஆண்டும் பார்த்தவரின் மொத்தச் சுமை 16 + 5 = 21 நார்-ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் இது ஏறிக்கொண்டே போகும் எண் என்பதால், ஒவ்வோர் ஆள்-ஆண்டையும் அந்த நேரத்துச் சுமைக்குரிய கட்டத்தில்தான் போட வேண்டும்.

அட்டவணையில் பிழை இருக்கும். நோய் வந்தவர், வராதவர் இருவரையும் ஒரே மாதிரி தவறாக வகைப்படுத்தினால் விளைவு வழக்கமாக மங்கித் தெரியும். இல்லாத ஆபத்தை அது உருவாக்குவது அரிது. ஓஹையோவில் ரப்பர் படலம் செய்த ஆலைகளின் பென்சீன் ஆய்வு 1987-ல் வெளியானது. ரத்தப் புற்றுநோய் இறப்பு 9, எதிர்பார்த்தது 2.7. அந்த எண்ணிக்கையைவிட, 1940களில் அந்த ஆலைக் காற்றில் எவ்வளவு பென்சீன் இருந்தது என்பதைப் பற்றித்தான் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. பாதுகாப்பு வரம்பு அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நேற்றுப்பட்ட தூசு இன்றைய புற்றுநோய்க்குக் காரணமாகுமா?

ஆகாது. அதனால் கடைசி 10 ஆண்டுச் சுமையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நுரையீரல் புற்றுநோயில் வழக்கம். ரத்தப் புற்றுநோய்க்கு இந்த இடைவெளி குறைவு. ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா (நுரையீரல், வயிற்று உறைகளில் வரும் புற்றுநோய்) 30, 40 ஆண்டு கழித்தும் வரும்.

20 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களின் இறப்பு மிகக் குறைவாக வருகிறது. ஏன்?

அவர்களின் முதல் 20 ஆண்டுகளையும் ‘20-க்கு மேல்’ கட்டத்திலேயே போட்டிருப்பீர்கள். அந்த 20 ஆண்டுகளில் அவர்களில் யாரும் இறந்திருக்க முடியாது. இறந்திருந்தால் அந்தக் கட்டத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். சாவே இல்லாத காலத்தை வகுக்கும் எண்ணில் சேர்த்தால் விகிதம் சரியாமல் என்ன செய்யும்? அனுபவசாலிகளும் வழுக்கி விழுகிற இடம் இது.

12,000 பேரின் பணி வரலாற்றையும் தோண்ட முடியாது. வேறு வழி?

குழுவுக்குள்ளேயே நோயுற்றவரையும், அவரோடு ஒப்பிட எடுக்கும் ஆளான ஒப்பாளரையும் எடுத்து ஆராயலாம். 12,000 பேரில் 60 பேருக்கு நோய் என்றால், ஒவ்வொருவருக்கும் 4 ஒப்பாளர். மொத்தம் 300 பேரின் கோப்புகளைத் தோண்டினால் போதும். 4 ஒப்பாளர் வைத்தால் முழுக் குழுவிலிருந்து கிடைக்கும் தகவலில் சுமார் 80 சதவீதம் கிடைத்துவிடும். ஐந்தாமவர் 83-க்குத்தான் கொண்டுபோவார்; அந்த உழைப்பு வீண்.

நோயுற்றவர் எந்த வயதில் நோயுற்றாரோ, அந்த வயதில் உயிரோடு, பின்தொடர்தலில் இருந்தவர்களிலிருந்து ஒப்பாளரைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். அவருக்கே பின்னாளில் நோய் வந்தாலும் பரவாயில்லை. புதிதாகக் கேட்பவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். ஆனால் வருங்காலத்தைப் பார்த்து அவரை விலக்கினால்தான் கணக்கு கோணும்.

அமெரிக்கச் சுரங்கங்களின் டீசல் புகை ஆய்வு இப்படித்தான் நடந்தது: எட்டுச் சுரங்கங்கள், 12,315 தொழிலாளர்கள், அவர்களில் நுரையீரல் புற்றுநோயால் இறந்த 198 பேர், ஒப்பாளர் 562 பேர். புகைப்பழக்கத்தையும் கேட்டறிந்தார்கள். அது வெளியான 2012-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் சேர்த்தது.

இறப்புச் சான்றிதழ்கள் மட்டுமே இருக்கின்றன. எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்ற பதிவே இல்லை.

இறப்புகளில் எத்தனை சதவீதம் புற்றுநோய் என்று பார்க்கலாம், ஆனால் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுமக்களில் 100 இறப்பில் 40 இதய நோய், 25 புற்றுநோய், 35 மற்றவை. தொழிலாளர்களுக்கு இதய நோய் மட்டும் பாதியாகி 20 ஆனால் மொத்தம் 80. புற்றுநோய் அதே 25தான். பங்கு மட்டும் 31 சதவீதமாகிவிடும். ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் உப்பும்.

ஒரே அறையில் மூன்று பேருக்கு ஒரே நோய். இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா?

பல நேரங்களில் அதுதான். ஆயிரக்கணக்கான பட்டறைகளில் சிலவற்றில் தற்செயலாகவே நோய் குவியும். நோய் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு அதைச் சுற்றிக் கோடு போட்டால் எந்தக் கணக்கும் பயமுறுத்தும். 95 சதவீத அளவுகோலில் இருபதுக்கு ஒன்று தற்செயலாகவே தேறிவிடும்; ஆகவே 60 நோய்களைச் சோதித்தால், ஆபத்து எதுவுமே இல்லாவிட்டாலும் மூன்று ‘முக்கியமானவை’யாக வருவது இயல்பு.

ஆனால் நோய் மிக அரிதானதாக இருந்தால் கதை வேறு. 1974-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வினைல் குளோரைடு கையாண்ட ஒரே ஆலையில் மூன்று பேருக்குக் கல்லீரல் ஆஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ப் புற்றுநோய்) வந்தது தெரிந்தது. நாடு முழுவதும் ஆண்டுக்குச் சில பத்துப் பேருக்கே வரும் கட்டி அது. அங்கே புள்ளியியல் தேவைப்படவே இல்லை. 1977-ல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிமருந்து தயாரித்த ஆண்கள், தங்களில் யாருக்கும் சில காலமாகக் குழந்தை பிறக்கவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டபோது விஷயம் வெளிவந்தது. விந்தணுப் பரிசோதனை பிறகுதான் வந்தது. தொழிலாளர் பேச்சைக் கேட்காமல் கணக்கைத் திறப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

எஸ்.எம்.ஆர். அதிகமென்றால் வேலைதான் காரணம் என்று நிரூபணமாகிவிட்டதா?

ஓர் எண்ணால் நிரூபணமாகாது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா என்று எடைபோட, பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில் 1965-ல் ஓர் உரையில் ஒன்பது கோணங்களை முன்வைத்தார். அந்த உரை நிகழ்ந்தது தொழில்சார் மருத்துவர்களின் அவையில். அதில் அவர் சொன்ன ஒன்று: ஒரு நிக்கல் சுத்திகரிப்பு ஆலையில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 16, எதிர்பார்த்தது 1, மூக்குப் புற்றுநோய் 11, எதிர்பார்த்தது ஒன்றில் ஒரு சிறு பின்னம். நிக்கலில் எந்தச் சேர்மம் காரணம் என்று தெரியாமலே அங்கே ஆபத்து இருப்பதை ஏற்க வேண்டியிருந்தது. சுமை ஏற ஏற ஆபத்து ஏறுகிறதா, பாதிப்புக்குப் பின் தக்க காலம் கழிந்திருக்கிறதா, வேறு ஊர்களில் வேறு ஆட்கள் பார்த்தபோதும் தெரிந்ததா என்பவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பின்தொடர முடியாமல் போனவர்களை என்ன செய்வது?

கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த நாளோடு நிறுத்துங்கள். ‘தகவல் இல்லை, ஆகவே உயிரோடு இருக்கிறார்’ என்று விட்டால், ஏட்டில் 110 வயதுக்காரர்கள் நடமாடுவார்கள்.

ஆலைப் பதிவேடுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

மீசோதீலியோமா 40 ஆண்டு கழித்து வரலாம் என்றால், 10 ஆண்டில் எடைக்குப் போடும் பதிவேட்டால் என்ன பயன்? பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி, பிரிவு மாறிய தேதிகள். இந்த ஐந்தும் இருந்தால் ஒரு குழுவைக் கட்டிவிடலாம். தூசு அளவீடு இருந்தால் அதையும், அளந்த இடத்தையும் நாளையும் சேர்த்து வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர் பெரும்பாலும் ஏட்டில் இருப்பதே இல்லை. தூசு அதிகமான வேலை பல இடங்களில் அவர்களிடம்தான் போகிறது, ஆகவே அவர்களுக்கென்று ஒரு தனி ஏடு இன்றே தொடங்குங்கள்.